வாசலில் கிடந்த ஷூ

ஆம்பூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான் ஜோசுவாவுக்கு,

தேவசகாயம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கு எல்லாரும் நலம், என்னைத் தவிர. நீ காட்பாடி காலேஜில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவன், அதனால் உனக்கு எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அக்கா எல்லம்மா பக்கத்திலேயே வந்து நிற்பாள்.

போன வாரம் ஜாஸ்மினுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மாதனூர் போனோம். பையன் பெயர் ஜீவா, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். கிளம்பும் அவசரத்தில் உன் அக்கா வாங்கி வைத்திருந்த புது ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்தால், வெளியே கிடந்த ஜோடிகளில் ஒரு கறுப்பு ஷூவுக்கு முனையில் தையல் விட்டிருக்கிறது. நான் ஷூ கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிற செக்கர், என் கண்ணுக்குத் தப்புமா? எங்கள் கம்பெனிச் சரக்குதான். பையன் ஷூ கம்பெனிக்காரன், ஆகவே அவனுடையது என்று முடிவு கட்டினேன். தன் காலில் இருப்பதையே கவனிக்காதவன் என் மகளை எப்படிக் கவனிப்பான் என்று மனசு அடித்துக்கொண்டது. உன் அக்கா பெண்களோடு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். இங்கே டீ கொடுத்தார்கள், பேசினார்கள், பையன் பக்கத்தில் வந்து என்னவோ கேட்டான், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை, அவன் முகமும் ஞாபகமில்லை. கம்பெனியில் அத்தனை மெஷின் இரைச்சலிலும் எவனாவது தூரத்தில் 'தேவசகாயம்' என்றால் டக்கென்று கேட்கிறது, சத்தமே இல்லாத வீட்டில் பக்கத்தில் பேசியது கேட்கவில்லை. மனசு டார்ச் லைட் மாதிரி, ஒரு இடத்தில் அடித்தால் மற்ற இடமெல்லாம் இருட்டு என்று நீ ஒரு தடவை விளக்கினாய். அன்றைக்கும் நான் சரியாகக் கேட்கவில்லை.

நேற்று பையன் போன் பண்ணினான். "மாமா, நீங்க சரின்னீங்களே, லீவு கெடச்சதும் வந்து எடுத்துக்கினு போறேன்" என்றான். எதை? வண்டியையா, பீரோவையா? கேட்க வெட்கப்பட்டு 'ம்' என்று வைத்துவிட்டேன். உன் அக்காவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துப் பதனிடும் தொட்டியில் ஊறப் போட்டுவிடுவாள். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றிருக்கிறேன். ஆனால் ஜாஸ்மின் அவனோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? எனக்கு வந்திருப்பது வியாதியா, அவனுக்கு இன்னா பதில் சொல்றது, உடனே எழுது.

உனக்கும் ஷர்மிளாவுக்கும் குறைவில்லாத சுகத்தைக் கர்த்தர் தருவாராக.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தேவசகாயம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பையன் வந்துவிட்டான். "மாமா, அந்த ஷூவக் குடுங்க. தையல் உட்டிருக்குது, தெச்சித் தர்றேன்னு அன்னைக்கே சொன்னேனே" என்கிறான். கம்பெனி ரிஜெக்ட் விற்பனையில் மலிவாகக் கிடைத்ததென்று உன் அக்கா வாங்கியதாம். அதை மாட்டிக்கொண்டுதான் நான் வீடு திரும்பியும் இருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுக் கல்யாணத்துக்கு லீவு போடு. என் காலையே கவனித்தவன் ஜாஸ்மினைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பான். மாப்பிள்ளை ஆள் எப்படி என்று பக்கத்து வீட்டு சுகரா பேகம் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் நின்ற நேரமெல்லாம் அவன் கையில் இருந்த ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.