நான் சொன்ன ‘போயிட்டு வாறன்’

என்னை யாராவது ‘ஐயா’ என்று கூப்பிட்டால் அவர் பின்னாலேயே போய்விடுவேன். இந்தப் பலவீனத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல, என் அக்கா.

வெள்ளைக்காரன் காலம். துறைமுகக் கந்தோர் ஒன்றில் நான் சாதாரண கிளாக்கர். வீடு வெள்ளவத்தையில். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே கொட்டாஞ்சேனைச் சீட்டுக் கிளப்புக்குத் திரும்பிவிடும். அங்கே நாங்கள் உட்கார மூட்டைப்பூச்சி பிடித்த மரவாங்குதான். தண்ணீர் கேட்டால் மனேஜர் சவிரிமுத்து, “வெளியில பைப் இருக்குது” என்பார். (அந்தப் பைப்பிலும் தண்ணீர் வராது.)

பிறகு வெள்ளவத்தையிலேயே ஒரு புதுக் கிளப் திறந்தார்கள். மின்சார விசிறியாம், ஐஸ் போட்ட சோடாவாம். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாம் அங்கே மாறிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் கொட்டாஞ்சேனைக் கிளப்புக்குள் நுழைய, சவிரிமுத்து எழுந்து நின்றார். “வாங்க ஐயா!” திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. எனக்கென்று பிரம்புக் கதிரை வந்தது, லெமனேட் வந்தது. ஆட்டம் முடிந்ததும் காரிலே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். (அந்தக் கார் ஓடியது நாங்கள் தோற்ற காசில்தான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.)

“ஆருடைய கார் தம்பி?” என்று அம்மா கேட்டார். “கந்தோர்க் கார்” என்றேன். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் நான் பெரிய உத்தியோகத்தன்.

அப்போதுதான் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. வயது முப்பத்திரண்டு, அப்பாவும் இல்லை. இது தவறினால் இன்னொன்று வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தகப்பனார் ஓய்வுபெற்ற தபால் அதிபர், சீட்டுக்கட்டைக் கண்டாலே கை கழுவுகிற மனுஷன். நான் பயந்துபோய்ச் சீட்டை விட்டுவிடத் தீர்மானித்தேன். கடைசி நாள் சவிரிமுத்துவிடம் மரியாதையாக விடைபெற்றேன். ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவது திரும்பி வராதவர்கள்தானே? நம் வாயில் அந்தச் சொல் லேசில் வருமா? “போயிட்டு வாறன்” என்றேன்.

அதற்கு மூன்றாம் சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்திருந்தார்கள். அக்கா பச்சைச் சேலை கட்டி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

“தம்பிக்குக் கந்தோர்க் கார் வந்திட்டுது” என்றார் அம்மா, சம்பந்திக்குக் கேட்கும்படியாக.

காரிலிருந்து இறங்கியது சவிரிமுத்து. கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“ஐயா, போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனீங்க. மூணு கிழமையா உங்கட கதிரை சும்மா கிடக்குது. வெள்ளவத்தைக்காரன் உங்களப் பிடிச்சிட்டானோ எண்டு முதலாளிக்குச் சாப்பாடே இறங்குதில்ல.”

தபால் அதிபர் மெதுவாகக் கேட்டார். “நீங்கள் எந்தக் கந்தோர்?”

“கந்தோரா? கொட்டாஞ்சேனைச் சீட்டுக் கிளப், பெரியய்யா! நீங்களும் ஒருநாள் வரவேணும். கார் அனுப்புறன்.”

தபால் அதிபர் எழுந்து சால்வையைத் தோளில் போட்டார். தேத்தண்ணி தொடாமலே ஆறிக் கிடந்தது.

“அப்ப நாங்கள் போறம்” என்றார். ‘வாறம்’ என்று சொல்லவில்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அதற்குப் பிறகு வேறு சம்பந்தம் வரவில்லை. எனக்குக் கலியாணமாகி, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அக்கா எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் எல்லோரும் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லிப் புறப்படலாம், எனக்கு மட்டும் அனுமதி இல்லை. நான் செருப்பைப் போட்டாலே அக்கா உள்ளிருந்து கத்துவார்.

“தம்பி, போறன் எண்டு சொல்லிப் போ! வாறன் எண்டால் கார் வந்திடும்!”

வீடே சிரிக்கும். எல்லோரையும்விடப் பலமாக அக்காதான் சிரிப்பார். இத்தனை வருடமாகியும் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. “போறன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவேன்.