கேஸ்கெட் நல்லா ஊறிருச்சு

வண்டிப்பெரியார்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய நல்லமுத்து மாமா அவர்களுக்கு,

ஆமாம், ஜீப் இன்ஜினைப் பிரித்தது நான்தான். வேறு யார் பிரிப்பார்கள்? லயத்தில் குடியிருக்கும் ஈஸ்வரன் அண்ணனிடம் நீங்கள் கேட்டனுப்பிய மற்ற கேள்விகளுக்கும் இதிலேயே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். உடும்பஞ்சோலையில் தாங்களும் அத்தையும் ஏலக்காயும் நலம்தானே.

நீங்கள் போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை நீங்கள் வரும்போது, இங்கே விட்டுப்போன உங்கள் ஜீப் குட்டிக்கானம் ஏற்றத்தை ஏறினால் சாவி எனக்கே, நானே டிரிப் ஓட்டலாம். ஏறாவிட்டால் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி. அதனால்தான் கை வைத்தேன். காலையில் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போகிறது, கீழேயும் ஒழுகவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ. நம்ம ஃபேக்டரி தூளுக்குக்கூட அந்த நிறம் வந்தது கிடையாது. கட்டப்பனை ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற என் கூட்டாளி ஜிபினுக்குப் போன் போட்டேன். ஆயிலும் தண்ணியும் கலக்காம இருக்க இன்ஜின் ஹெட்டுக்கு அடியில ஒரு செம்புத் தகடு இருக்கும், கேஸ்கெட், அது கருகிப் போச்சுன்னான். புதுசு வாங்கிட்டு வந்தேன்.

ஹெட்டைக் கழட்டினேன். அது என்னா கனம் மாமா, நானும் அம்மாவும் சேர்ந்து தூக்கி, அடுப்படிப் பக்கத்துல சாக்கை விரிச்சு வச்சோம், கருகுன தகட்டையும் அங்கேயே போட்டேன். அந்த நேரம் பார்த்து ஜிபின் போன். என் ரெண்டு கையிலயும் கிரீஸ், அம்மாதான் எடுத்தாங்க. நம்ம எஸ்டேட் லயத்துல டவர் எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஜன்னல் கம்பியில காதை ஒட்டிக்கிட்டு நிக்கணும். அவன் மலையாளத்துல "பழய கேஸ்கெட் ஊரி வெய்க்கு"ன்னிருக்கான். பழசைக் கழட்டி வைன்னு அர்த்தம். அம்மா மலையாளத்துல சண்டையே போடுவாங்க, அது வேற விஷயம். ஆனா அப்ப இட்லிக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"ஏலே, கேஸ்கெட்டை ஊற வைக்கணுமாம்."

"எதுலம்மா?"

"சொல்லுறதுக்குள்ள கட்டாயிருச்சு. கஞ்சித்தண்ணி கிடக்கு, போடவா?"

"எவ்வளவு நேரம்?"

"உளுந்து ஊறுற நேரம். நான் என்ன மெக்கானிக்கால?"

புதுசு விறைப்பாத்தான் இருந்துச்சு, எனக்கும் சரின்னு பட்டுச்சு, கஞ்சியில போட்டாச்சு. சாயங்காலம் ஜிபின் திரும்பக் கூப்பிட்டு, "ஊரியோடா?"ன்னான், கழட்டிட்டியான்னு. "நல்லா ஊறிருச்சு"ன்னேன். "எங்கில் துடச்சிட்டு புதியது வெய்க்கு"ன்னான். தொடைச்சுட்டுப் புதுசை வைன்னு. ரெண்டு பேர் இதைவிடத் தெளிவாப் பேசிக்க முடியுமா? ஊற வச்சது மறுநாள்தான் அவனுக்குத் தெரிஞ்சு, கெட்ட வார்த்தையில நாலு சொன்னான், அது இங்க எதுக்கு. அதுக்குள்ள நான் மாட்டி முடிச்சுட்டேன். அம்மா உள்ளேருந்து எடுத்துக் குடுத்தாங்க, பளபளன்னு சாமி தட்டு மாதிரி இருந்துச்சு. கஞ்சிக்கு இவ்வளவு மவுசுன்னா கடைக்காரனே ஊற வச்சு விக்கலாம். போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமாக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குனேன், முறைப்படி. ஒரு போல்ட்டுகூட மிச்சமில்லை.

ஸ்டார்ட் ஆயிருச்சு மாமா. ஒரே செல்ஃப். பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், புகை இல்லை. ஈஸ்வரன் அண்ணன் பார்த்துட்டு, "ஏல, ஓடுதே"ன்னாரு, ஏதோ அவர் பணத்தை நான் எடுத்த மாதிரி. ஆகவே சாவியை எங்கிட்டயே விட்டுரவும். திருப்பூருக்குச் சொல்லி வச்சதை வேண்டாம்னு சொல்லிரவும். இனிமே இந்த வீட்டுல யாரும் என்னை எதுக்கும் லாயக்கில்லாதவன்னு சொல்லக்கூடாது, முக்கியமா நீங்க.

அத்தையிடம், காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். தங்கள் மகள் தமிழ்ப்ரியாவை நல்லாப் படிக்கச் சொல்லவும், ஒரு வீட்டுக்கு ஒரு மெக்கானிக் போதும்.

தங்கள் அக்கா மகன்,
சந்துரு

பி.கு.: இதை மடிக்கும்போது அம்மா கேக்குறாங்க, "கொடியில காயுற கேஸ்கெட்டை எப்பல எடுப்ப? நான் துணி போடணும்."

கொடியில கிடக்குறதுதான் புதுசாம். கஞ்சி காயட்டும்னு போட்டாங்களாம்.

"அப்ப எங்கிட்ட குடுத்தது?"

"அது பழசு. விளக்குத் தேய்க்கையில புளி மிச்சம் இருந்துச்சு, அதையும் தேய்ச்சு வச்சேன். நல்லா மின்னுச்சு, நீ கேட்டே, குடுத்தேன்."

உங்களுக்குச் சத்தம் கேக்கட்டும்னு வாசல்ல ஜீப்பை ஓடவிட்டு வீடியோ எடுக்கலாம்னு இருந்தேன். இப்ப லயம் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா கொசு மருந்து அடிக்கிறாங்கன்னு நினைச்சு ஜன்னலைச் சாத்துது. பனியன் கம்பெனியில பகல் ஷிஃப்ட் கிடைக்குமான்னு மட்டும் கேட்டு வைங்க. ரேடியேட்டர் விசில் அடிக்குது மாமா, நான் போகணும்