வயிற்றைப் படம் எடுக்கப் போய் வாய் ஒளிர்ந்த வரலாறு

குருசுக்குப்பம், புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

சேசுவின் அருளாலும் மாதாவின் மன்றாட்டாலும் துலூஸ் நகரத்துக் குளிரோடு மல்லுக்கட்டி வாழும் என் அக்காள் மகள் லினெட்டுக்கு, தாய்மாமன் அமலநாதன் ஆயிரத்தெட்டு ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை வெரோனிகாவும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை ஜெர்ரியின் சுகத்துக்கும் பதில் போடவும். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே சிரிக்கும் மூஞ்சியைப் போட்டு என் வாயை அடைத்துவிடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய். உன் அம்மா நம்ப மாட்டாள். பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்திலேயே நம்பவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: இந்த அமலநாதன் ஒரு மணி நேரம் முழுசாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

விஷயம் இதுதான். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய், மகாதமனி என்கிறார்கள், எனக்கு ஒரு இடத்தில் பழைய சைக்கிள் டியூப் மாதிரி உப்பி நிற்கிறதாம். நாலு சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. தெருவில் நான் பலாப்பழம் அளவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் தணிகாசலம் சொன்னார்: "அந்தக் கொழாய் சுவத்துல அழற்சி இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா சும்மா அளவு பாத்துக்கினே இருக்கலாம். இருந்துச்சுன்னா மருந்து, ஆபரேஷன்னு உடனே படுக்க வேண்டியதுதான்." நானா படுப்பது? ஜனவரியில் உன் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை உன்னைக் கைபிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை கூட்டிப்போக வேண்டியவன் நான். அதற்கென்று தைத்து வைத்த கோட்டு எட்டு வருஷமாக நாப்தலின் உருண்டைகளோடு காத்திருக்கிறது.

பெட் ஸ்கேன் எடுக்கணும் என்றார். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்களாம். அழற்சி உள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று எரியுமாம். உழைக்கிற தசையும் இழுக்குமாம். அதனால் முந்தின நாள் உடம்பை அலட்டக்கூடாது, ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையக்கூடாது, பேசக்கூடாது. நானும் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு அன்று சாயங்காலமே பெத்தாங்க் ஆடப் போய்விட்டேன். இரும்புக் குண்டை எறிகிற அந்த ஆட்டத்தை ஒரு உழைப்பு என்று இந்த ஊரில் எவனாவது சொல்வானா? தொப்பியும் தொந்தியுமாக நின்ற இடத்தில் நின்று ஆடுகிறோம்! பதினோரு ஆட்டம் ஆடினேன். கடைசிக் குண்டு மாநில எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளம் தாண்டி விழுந்தது. தமிழ்நாட்டு போலீஸ் இன்னும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் யாரென்று பார்த்தால் என் பெத்தாங்க் எதிரி அப்துல் கையூம் பாய், அவருக்கு வேறு ஏதோ படமாம். பேசாமல் இருக்க முடியுமா? மனுஷனுக்கு ஆறுதல் சொல்லணும் இல்லையா? ஆறுதல் சொன்னேன். முதல் ஆட்டத்திலிருந்து பதினோராவது ஆட்டம் வரை வரிசையாகச் சொன்னேன். ஸ்கேன் பார்க்கும் தையல்நாயகி மூன்று தரம் வந்து, "சார், வாய மூடிக்கினு படுங்க சார்" என்றது. "மூடிக்கினுதாம்மா பேசறேன்" என்றேன்.

படம் வந்தது. ஐயோ மருமகளே! வலது தோள் எரிகிறது, தாடை எரிகிறது, நாக்கு கிறிஸ்மஸ் ஸ்டார் மாதிரி ஜொலிக்கிறது. அந்த வெளிச்சத்தில் விடிந்துவிட்டது என்று நினைத்து நம்ம குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தைத் தள்ளிவிட்டார்கள். டாக்டர் தலையில் கை வைத்தார். "போட்ட சக்கரைய எல்லாம் உங்க வாயும் தோளுமே தின்னுடுச்சு. வயித்துல ஒண்ணும் தெளிவா இல்ல. பத்து நாள் கழிச்சு மறுபடியும் வாங்க. இந்த தடவ பேசினீங்கன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்து உன் அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "லினெட்டு." அதற்கப்புறம் பத்து நாளும் அவள் என் குண்டுகளை அரிசி டிரம்முக்குள் போட்டுப் பூட்டி வைத்தாள்.

பதினோராவது நாள். ஊசி போட்டாச்சு. வாய் மூடியாச்சு. திரைக்கு அந்தப்பக்கம் கனைப்பு. கையூம் பாயேதான்!

"என்னா அமலநாதன், சௌக்கியமா? எனக்கு இன்னும் ஊசி போடல, நான் பேசலாம். உங்களுக்குப் போட்டாச்சாமே?"

நான் மனசுக்குள் ஒரு 'மரியே வாழ்க' சொன்னேன்.

"உப்பளம் மைதானத்துல உங்கள பதிமூணுக்கு நாலுன்னு தோக்கடிச்சேனே, ஞாபகம் இருக்குதா? ஞாபகம் இருந்தா சும்மா இருங்க."

லினெட், எந்த ரத்தசாட்சிக்கும் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. அபாண்டம்! பச்சைப் பொய்! தொண்டை வரை பதில் வந்தது. பல்லைக் கடிக்கலாம் என்றால் அதுவும் தசையாம். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவர் நர்ஸைக் கூப்பிட்டு, "பாத்தியாம்மா, அவரே ஒத்துக்கறாரு" என்றார். அப்போதும் உன் கல்யாணக் கோயிலின் நடுவழியை மனசுக்குள் அடி அடியாக நடந்துகொண்டு கல்லாகக் கிடந்தேன்.

படம் வந்தது. வாய் இருட்டு. தோள் இருட்டு. வயிற்றுக் குழாயும் நல்ல இருட்டு! "அழற்சி இல்ல. ஆறு மாசம் கழிச்சு அளவு பாப்போம். போய் கல்யாணத்த நடத்துங்க" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியே எழுந்து நின்று கைதட்டியது. தையல்நாயகி என் மௌனத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறேன் என்றது.

ஆகவே கோட்டை வெயிலில் போட்டாயிற்று. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் பொத்தி, சளி பிடிக்காமல் கொண்டுவந்து சேர்ப்பாளாக. மரியே வாழ்க.

இப்படிக்கு,
பேசாமலும் இருக்கத் தெரிந்த உன் மாமன்,
அமலநாதன்

பி.கு.: உன் அத்தை படித்துவிட்டு மூக்கின் மேல் விரல் வைத்ததால் சில திருத்தங்கள். கைதட்டல் கிடையாது. கட்டுமரம் எதுவும் போகவில்லை. கடைசிக் குண்டு என் கால் கட்டைவிரலில் விழுந்தது. டாக்டரின் தாள் அத்தையிடம் பத்திரமாக இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. மற்றபடி நான் அபாண்டம் என்று எழுதியதில் ஒரு சின்னப் பங்கு மட்டும் நிஜம். கையூம் பாய் அன்று ஜெயித்தார். பதிமூணுக்கு நாலு. ஒரு மணி நேரம் நான் பேசாமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்: சொல்லுவதற்குப் பதில் இல்லை.