டாக்டர் மனசு நோகக் கூடாது

“எப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

நெஞ்சுக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். “எவ்வளவோ தேவலை டாக்டர். எல்லாம் உங்க கைராசி” என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்.

மாஸ்டரின் சுபாவமே அப்படி. காரைக் கம்பத்தை நோக்கி விடுகிறவரிடம்கூட, “நல்லா ஓட்டுறீங்க, அப்படியே பிரேக்கையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க” என்பார். அதிலும் இந்த டாக்டர் மற்றவர்களை உட்கார்ந்தபடியே அனுப்புகிறவர். இவரை மட்டும் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்து வழியனுப்புவார். அப்பேர்ப்பட்டவரிடம், மருந்து வேலை செய்யவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “வலிக்குதுன்னு சொல்லித் தொலைங்களேன்.”

“அவர் மனசு ஒடஞ்சு போயிடும்.”

“உங்க நெஞ்சு?”

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிப் படியேறியதுமே மூச்சு முட்டியது. கழிப்பறைக்குள் நுழைந்து முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“முகத்துல ஒரு களை வந்திருக்கே” என்று டாக்டர் இன்னும் இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். பத்தியமும் வேண்டாமாம், பிடித்ததைச் சாப்பிடலாமாம். மாஸ்டருக்குப் பகீரென்றது. இன்னும் ஒருமுறை நடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார். சாவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவதாக மனைவியிடம் சத்தியம் செய்து, அவளையும் கூட்டிக்கொண்டு போனார். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கீங்கள்ல மாஸ்டர்?” கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல்.

“ஜம்முனு இருக்கேன் டாக்டர்” என்றது பாழாய்ப்போன வாய். மிச்சமிருந்த மாத்திரையும் போயிற்று.

வெளியே வந்ததும் மனைவி நர்ஸை மறித்துக்கொண்டாள். “இவர் சொல்றது அத்தனையும் பொய் சிஸ்டர். வலி ஒருநாளும் கொறையல. டாக்டர் வருத்தப்பட்டாலும் பரவாயில்ல, நீங்களாவது சொல்லிடுங்க.”

மாஸ்டர் திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

நர்ஸ் டாக்டர் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

“அது டாக்டருக்கு மொதல்லேர்ந்தே தெரியும்மா. வலிக்குதுன்னு இவர் வாய்விட்டுச் சொல்லிட்டா, இந்த வியாதிக்குக் குடுக்க மருந்தே இல்லையேன்னுதான், நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அவர் பயந்துகிட்டே உக்காந்திருக்காரு.”