செத்தல் மிளகாயும் வெள்ளை உடுப்புக்காரரும்

பயம் வந்தால் ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு கிறுக்குப் பிடிக்கும். நாற்பது வயதில் எனக்குப் பிடித்த கிறுக்கு ஆம்புலன்ஸையே வரவழைத்தது.

இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள பழைய கட்டிடம் ஒன்றில் இருக்கிறோம். கொரோனா முடக்கத்தில் என் கணவர் வேலை செய்த உணவகத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் துப்புரவு வேலைக்குப் போகிற வீடுகளிலும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய அவர் விடிந்ததிலிருந்து செய்தி பார்த்தார், அதுவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு. (டிவிக்குள்ளிருந்து தொற்றும் என்று நினைத்தாரோ தெரியாது.) இருபது வயது மகள் போனைப் பார்த்துத் துள்ளித் துள்ளி உடற்பயிற்சி செய்தாள். மேல்மாடியில் தனியே இருக்கும் இத்தாலிய மூதாட்டி சிஞ்ஞோரா ரோசாவுக்கு எண்பதுக்கு மேல். பின்னேரமானால் உதட்டுச் சாயம் பூசி, தோடு போட்டு, பல்கனியில் வந்து இருப்பார். தெருவில் ஒரு பூனைகூட இருக்காது. அங்கிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்; நாங்கள் பாண் வாங்கி வைத்து அனுப்புவோம்.

“சாகப் பயமில்லை,” என்று ஒருநாள் மேலிருந்து சொன்னார். “தனியக் கொண்டுபோயிடுவினம் எண்டதுதான் பயம்.” எங்கள் தெருவிலிருந்து ஆம்புலன்ஸில் போனவர்களோடு வீட்டார் யாரும் கூடப் போக முடியவில்லை. அதை அவர் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? வீட்டைத் தேய்த்தேன். தேய்க்க இனி இடமில்லை என்றானதும் தூளுக்கு மிளகாய் வறுக்க வெளிக்கிட்டேன். வழக்கமாக யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற யாரிடமாவது அம்மா மிளகாய்த்தூள் கொடுத்துவிடுவா. விமானமே ஓடாதபோது தூளுக்கு எங்கே போவது? ஒரு பெரிய பை செத்தல் மிளகாயைத் தாச்சியில் கொட்டி, குசினி யன்னலை அகலத் திறந்து, இரண்டு முகக்கவசத்துக்கு மேல் துவாயையும் கட்டிக்கொண்டு வறுத்தேன். மனதுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. (எனக்கு மட்டும்.)

முதலில் கணவர் இருமினார். நிற்காமல் இருமினார்.

“இஞ்சரப்பா, எனக்கு வந்திட்டுது. பிள்ளையைத் தள்ளி நிக்கச் சொல்லும்.” குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து கடைசி ஆசை வந்தது. “என்ரை தங்கச்சியோடை இனியாவது கதையும்.”

சாகப்போகிற மனுசனுக்கு மறுப்புச் சொல்ல முடியுமா? அழுதுகொண்டே “ஓம்” என்றேன். (அந்த ஓமுக்காக இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சாளோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன்.)

பிறகு மகள் இருமினாள். எதிர் வீட்டுக்காரர் இருமினார். மேலே சிஞ்ஞோரா மூச்செடுக்க முடியாமல் இருமினார்.

“அம்மா, அடுப்பிலை என்ன வச்சிருக்கிறியள்?” என்று மகள் கேட்ட பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அடுப்பை அணைத்தேன். அதற்குள் எதிர் வீட்டுக்காரர் சிஞ்ஞோராவுக்காக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டார்.

வெள்ளை உடுப்பில் இருவர் எங்கள் வாசலைத் தாண்டி மேலே ஏறினார்கள். நான் தாச்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். சிஞ்ஞோரா கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் வரமாட்டன்,” என்று இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவவுக்குக் கொரோனா இல்லை. இது மிளகாய்,” என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலியனில். துவாய் கட்டிய என்னைப் பார்த்தார்கள். (கொள்ளையடிக்க வந்தவள் போல இருந்திருப்பேன்.) விலகு என்று கைகாட்டினார்கள். நான் விலகவில்லை. மூத்தவரின் மூக்குக்குக் கீழே தாச்சியை நீட்டினேன். என்னைச் சமாளித்து அனுப்பத்தான் போல, கவசத்தைச் சற்று விலக்கி மணந்து பார்த்தார். அவ்வளவுதான். படியிலேயே குந்தி இருமத் தொடங்கினார்.

சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் பார்த்தார்கள், மூச்சுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. எனக்கு நன்றாக ஏசிவிட்டு இறங்கிப் போனார்கள். நான் சிஞ்ஞோராவின் வாசலில் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“முடக்கம் துவங்கினாப் பிறகு இண்டைக்குத்தான் என்ரை வாசலுக்கு ஆக்கள் வந்திருக்கினம்,” என்றார் கண்ணைத் துடைத்தபடி. “நான் உதட்டுச் சாயம்கூடப் பூசேல்லை. அடுத்தமுறை முன்னமே சொல்லு, பிள்ளை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்மேல் பழியைப் போட்டேன்.

இப்போது விமானங்கள் பறக்கின்றன. அம்மாவின் தூளும் தவறாமல் வருகிறது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை நானும் கொஞ்சம் வறுக்கிறேன். அன்றைக்கு மகள் குசினி யன்னலால் எட்டி மேலே பார்த்துக் குரல் கொடுப்பாள்: “சிஞ்ஞோரா, அம்மா தூள் வறுக்கப் போறா. சாயத்தைப் பூசுங்கோ.”

அவர் பூசிக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருப்பார். நாங்கள் மூவரும் மேலே போய், அவரோடு சேர்ந்திருந்து இருமுவோம்.