பட்டன் தைக்க விடாத பேய்

உலகத்தில் சோம்பேறி என்று ஒருவர்கூடக் கிடையாது. விஞ்ஞானம், வேதாந்தம், ஒரு கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஆகிய மூன்றும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட உண்மை இது. வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் தள்ளிப்போடுவதில்லை. அவர்களுக்குள்ளே குடியிருக்கும் நாளைப்பேய் தள்ளிப்போடுகிறது. மனிதன் பாவம், வெறும் வாகனம்.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரும் உடனடியார் என்றார்கள். வெள்ளை அங்கி, சீவிவிட்ட தாடி, இரண்டு கையிலும் கடிகாரம். இரண்டும் ஓடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவர் மூன்றாம் மாடிக் கூடத்தை வாடகைக்கு எடுத்த நாள்முதல் அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மூச்சு வாங்கியது. படிக்கட்டிலும் ஆட்கள், வராந்தாவிலும் ஆட்கள், கழிவறைக்குப் போகிறவரையும் வரிசையில் நிறுத்திக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

இடத்தை அவர் நன்றாகவே தேர்ந்தெடுத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் தையற்கடைகளும் பழுதுபார்க்கும் கடைகளும்தான். "ரெடியா?" என்று யார் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பது அங்கே தேசிய கீதம். பேயோட்ட வந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

சிகிச்சை எளிமையானது. வரிசையில் வருகிறவர் கையை நீட்டுவார். உடனடியார் விட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஈரத் துண்டால் அந்தக் கையைத் துடைப்பார். பிறகு கையைக் கண்ணாடித் தொட்டியில் விட வேண்டும். பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் கண்ணெதிரே கறுக்கும். கூட்டம் "ஆ!" என்னும்.

"பேயோட எச்சில்!" என்பார் உடனடியார்.

மூன்று அமர்வு. மூன்றாவதில் தண்ணீர் கறுக்காது. பேய் காலிசெய்துவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் ஒரே ஒரு பத்தியம் உண்டு: நோயாளி எந்த வேலையையும் தொடக் கூடாது. ஏனென்றால் அரைகுறை வேலைதான் நாளைப்பேயின் ஆகாரம். வேலையைத் தொடாமலிருந்தால் பேய் பட்டினி கிடந்து ஓடிவிடும்.

சோம்பலுக்கு ஓய்வை மருந்தாகக் கொடுத்த முதல் வைத்தியர் அவர்தான். கூட்டம் ஏன் வராது? இரண்டாம் மாடிக் கடிகாரக்காரர் கடை வாசலில் "பத்தியம்" என்று அட்டை தொங்கவிட்டார். எதிர் அறை மொழிபெயர்ப்பாளரம்மா ஒரு புத்தகத்தின் முதல் வரியிலேயே பல மாதம் முட்டிக்கொண்டு நின்றவர். "இப்பதான் மனசு உறுத்தாம சும்மா இருக்கேன்" என்று பூரித்துப்போனார். வந்த வாடிக்கையாளர்களுக்குப் பதிலும் மாறியது. "நாளைக்கு வாங்க" போய், "பேய் போனதும் வாங்க" ஆயிற்று.

முதல் மாடித் தையற்காரருக்கு இரண்டு அமர்வு முடிந்திருந்தது.

கோட்டுத் தைப்பதில் அவர் கில்லாடி. வெட்டு, காலர், உள்துணி, கை இணைப்பு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பார். பட்டன் என்று வந்தால் மட்டும் கண்ணைத் திறக்கவே மாட்டார். கையால் ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டும், வரிசை ஒரு நூல் பிசகினாலும் கோட்டு கோணலாகச் சிரிக்கும். அதனால் பட்டனுக்கு முன்னால் டீ குடிப்பார். ஊசிகளை அளவுவாரியாக அடுக்குவார். மேஜையைத் துடைப்பார். துடைத்த மேஜை காயட்டும் என்று வெளியே போய்விடுவார்.

அவர் கையில் இப்போது இருந்தது ஒரு பேண்டு வாத்தியக் குழுவின் சீருடை. அந்தக் குழுவில் பெரிய டிரம் வாசிப்பவள் அவருடைய தங்கை. பல வருடம் கடைசி வரிசையில் நின்று முக்கோணக் கம்பியை 'டிங்' என்று தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, போன மாதம்தான் டிரம் கிடைத்தது. கோட்டு ஆர்டரையும் அவள்தான் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தாள். "உங்க அண்ணனா? வேண்டாம்மா" என்று பேண்டு மாஸ்டர் கும்பிட்டபோது, "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கோட்டு வரலைன்னா டிரம்மை வேற ஆளுக்குக் குடுத்துடுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடைக்குள் நுழைந்தாள். கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் பட்டன் இல்லை. பித்தளைப் பட்டன் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்தவரைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"பத்தியம்மா."

"வயிறு சரியில்லையா?"

"கை சரியில்ல. பேய் இருக்கு."

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும். ஐயா தண்ணியில காட்டினாரே! மை மாதிரி கறுத்துப்போச்சு. நாளைக்கு மூணாவது அமர்வு. அது முடிஞ்சதும் பாரு, ஒரே மூச்சுல..."

"நாளைக்குக் காலைல புதுப் பாலத்து மேல நாங்க வாசிச்சிக்கிட்டு நடக்கணும். ஒரு கையில கோட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில டிரம் அடிக்கவா?"

"ஊக்கு குத்திக்கலாமே" என்றார் அண்ணன், தொழில் நுணுக்கத்தோடு.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. "என் டிரம் போயிடும்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் கை தானாகப் பட்டன் பெட்டிப் பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பியது.

"பத்தியத்தை முறிச்சா பேய் குடும்பத்தோட வந்துடும்னு சொல்லியிருக்காரும்மா."

"அப்படியா? சரி, வாண்ணே. அந்தக் குடும்பத் தலைவரைப் பார்த்துட்டு வருவோம்."

மூன்றாம் மாடியில் அவளும் கையை நீட்டினாள். ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறக்கிறவள் அவள். தண்ணீர் கறுத்தது.

"உனக்கும் இருக்கும்மா" என்றார் உடனடியார்.

"நான் எதையுமே தள்ளிப்போட்டதில்லையே ஐயா."

"தள்ளிப்போடுறதையே தள்ளிப்போட்டுட்டு வந்திருக்க. அது இன்னும் ஆபத்து."

என்ன ஞானம் என்று கூட்டம் சிலிர்த்தது. கடிகாரக்காரர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவள் ஓரமாக நின்று அடுத்தடுத்த கைகளைப் பார்த்தாள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் துண்டைப் பார்த்தாள்.

"ஐயா, துடைக்காம ஒரு தடவை விட்டுப் பார்க்கலாமா?"

"துடைக்காத கையில பேய் வெளிய வராது. கூச்சப்படும்."

"அப்ப எங்க அண்ணனைப் பட்டனாவது தைக்க விடுங்க. சும்மா ஊசியை எடுத்து ஆரம்பிச்சா முடிஞ்சிடும்."

உடனடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா! நான் உயிரைத் தின்கிற பேயைப் பத்திப் பேசறேன், இந்தப் பொண்ணு ஊசி நூலைப் பத்திப் பேசுது! பட்டன் தைச்சே ஒருத்தன் முன்னேறிட முடியும்னா, நான் ஏன்மா இங்க உட்கார்ந்திருக்கேன்? நானும் ரெண்டு பட்டன் தைச்சுட்டுப் போயிருப்பேனே!"

கூட்டமும் சிரித்தது. தையற்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தார், தங்கையைக் காணோம்.

சற்று நேரத்தில் வரிசையில் மறுபடி தென்பட்டாள். பட்டன் இல்லாத பேண்டு கோட்டைத் தோளில் போர்த்தியிருந்தாள். உள்ளிருந்து வலது கை விறைப்பாக நீண்டிருந்தது. வெளிறிய, நகப்பூச்சு உதிர்ந்த, சுண்டுவிரல் நுனி உடைந்த கை.

அந்தச் சுண்டுவிரலைத் தையற்காரருக்குத் தெரியும். அதை உடைத்தவரே அவர்தான். அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கும் ஆளுயரப் பொம்மையின் கை அது.

"ஐயா..." என்று எச்சரிக்க வாயைத் திறந்தார். பிறகு அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் தள்ளிப்போட்ட காரியங்களிலேயே தலைசிறந்தது அதுதான்.

உடனடியார் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடித் துடைத்தார். கை தொட்டிக்குள் இறங்கியது. தண்ணீர் கறுத்தது.

"ஐயோ, என்ன கறுப்பு!" என்று கண்ணை மூடியபடியே உருகினார். "பேய் எலும்பு வரைக்கும் போயிருக்கு. இந்தக் கை வருஷக் கணக்கா ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை!"

"அது மட்டும் நூத்துக்கு நூறு உண்மைங்க" என்றார் தையற்காரர். குரல் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. "கடை திறந்த நாள்லேருந்து கண்ணாடிக்குப் பின்னால சும்மாதான் நிக்குது."

தங்கை தோளைக் குலுக்கினாள். கோட்டு நழுவியது. அவளுடைய இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. மூன்றாவது கை உடனடியாரிடம் தங்கிவிட்டது. கண்ணைத் திறந்த அவர், முழங்கைக்கு மேல் ஒன்றுமே இல்லாத நோயாளியோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றார்.

மொழிபெயர்ப்பாளரம்மாதான் முதலில் கேட்டார். "பொம்மை எந்த வேலையைத் தள்ளிப்போட்டுச்சு?"

"பொம்மைக்குள்ளயும் பேய்..." என்று ஆரம்பித்தார் உடனடியார்.

அடுத்த நோயாளிக்காகத் தெளிந்த தண்ணீரோடு தயாராக இருந்த இன்னொரு தொட்டியைத் தங்கை இழுத்தாள். "அண்ணே, துடைக்காம கையை விடு."

தையற்காரர் தயங்கினார். குடும்பத்தோடு வரும் பேய் ஒரு கணம் கண்ணில் நின்றது. அப்புறம் டிரம் நின்றது. இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இப்ப கை வேண்டாம்" என்று அவள் ஈரத் துண்டைப் பிடுங்கி அதே தொட்டியில் பிழிந்தாள். தண்ணீர் கறுத்துக் கொழகொழவென்று திரண்டது. "துண்டுல ஒரு மருந்து, தண்ணியில ஒரு மருந்து. ரெண்டும் சேர்ந்தா மை. மூணாவது அமர்வுக்கு வேற துண்டு. பேய் போயிடும்."

அவருடைய பையைக் கவிழ்த்தார்கள். உலர்ந்த, சுத்தமான துண்டுகள் மடிப்புக் கலையாமல் விழுந்தன. நாளைய அற்புதத்தை மட்டும் மனிதர் இன்றைக்கே தயார்செய்து வைத்திருந்தார்.

கடிகாரக்காரர் தன் சட்டைக் கையை மடக்கினார். இன்னும் நாலைந்து பேர் மடக்கினார்கள். உடனடியார் கதவைப் பார்த்தார். கதவை மறித்துக்கொண்டு ஆட்கள்.

"அடிக்கிறதை எல்லாம் நாளைக்கு வெச்சுக்கலாம்!" என்று தையற்காரர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். "இப்ப ஊசி பிடிக்கத் தெரிஞ்சவங்க கீழ வாங்க. தெரியாதவங்களும் வாங்க. சாயங்காலத்துக்குள்ள என் தங்கச்சியோட டிரம்மைக் காப்பாத்தணும். இவரையும் கூட்டிட்டு வாங்க!"

கடையில் நிற்க இடமில்லை. தையற்காரர் பட்டன் பெட்டியைப் பிரித்தார், எல்லாக் கோட்டிலும் பட்டன் இடத்தைச் சாக்கட்டியால் குறித்தார், ஊசியில் நூல் கோத்தார். முதல் பட்டன் உட்கார்ந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பேய் வரவில்லை. குடும்பத்தோடும் வரவில்லை.

"அப்போ நாளைப்பேய்னு ஒண்ணு இல்லவே இல்லையா?" மொழிபெயர்ப்பாளரம்மா ஏமாற்றத்தோடு கேட்டார். "அப்ப நான் ஏன் அந்த முதல் வரியை எழுதல?"

"பயம்க்கா. நல்லா வராதோன்னு" என்றாள் தங்கை. "எங்க அண்ணனுக்குக் கோணலாயிடுமோன்னு பயம். பயம்னு சொன்னா நாமதான் பார்த்துக்கணும். பேய்னு சொன்னா துடைச்சுவிட ஒருத்தர் துண்டோட வந்துடுவார்."

"கோணலா வந்தா?"

"பிரிச்சுட்டு மறுபடி தைக்கிறது. பிரிக்கிறதுக்கும் எங்கண்ணன்கிட்ட கத்தரி இருக்கு."

சாயங்காலம் வாசலில் பேண்டு மாஸ்டரின் வண்டி ஹாரன் அடித்தபோது, கடைசிக் கோட்டின் கடைசி வரிசைதான் பாக்கி. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பி நிறையப் பித்தளை மின்னியது. ஒரு கோட்டைத் தூக்கி, பட்டன் வரிசையை மேலும் கீழும் பார்த்து, ஒன்றை இழுத்தும் பார்த்தார். அது வரவில்லை. "காலைல டிரம்முக்குப் புது வார் மாட்டிட்டு வாம்மா" என்றார். தங்கை அண்ணனின் முதுகில் இரண்டு கையாலும் டிரம் வாசித்தாள்.

ஆகவே மகாஜனங்களே, யாராவது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தால், நீங்களும் சேர்ந்து விட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே ஒட்டடைதான் இருக்கிறது. அவர் இன்னொரு கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இதற்கும் மூன்று அமர்வு தேவையில்லை, தலைக்குள்ளே இருப்பதை ஒரு தடவை வேலைக்கு அனுப்பினால் போதும்.

கடை மூலையில் ஒரு கோட்டையும் ஊசியையும் கொடுத்து முக்காலியில் உட்காரவைத்தவரை இதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கதவும் திறந்துதான் கிடந்தது. உடனடியார் போகவில்லை. அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, நாலு துளையிலும் ஊசியை ஏற்றி இறக்கி, அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். தைத்ததைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, பெட்டிக்குள் கைவிட்டு அடுத்த பட்டனை எடுத்தார்.