பந்தயத் திடலில் பத்தடியார் போட்ட கோலம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் சும்மா நிற்கத் தெரியாதவர் யாரென்று போட்டி வைத்தால், பரிசு எங்கள் வீதி பத்தடியாருக்குத்தான். அதையும் மேடையிலிருந்து தள்ளி நின்றுதான் வாங்குவார்.

சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எதைக் கண்டாலும் "பத்தடி தள்ளி நில்லுங்க" என்பார். தீபாவளிச் சங்குசக்கரத்துக்குப் பத்தடி, கோயில் யானைக்குப் பத்தடி. டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றினால்கூட எழுந்து எதிர்ப்புறம் போய்விடுவார். முக்கொம்பு அணைக்குக் குடும்பத்தோடு போய், மதகு ஓரம் செல்ஃபி எடுத்தவர்களை விரட்டியே பொழுது போய், கட்டுச்சோற்றைப் பிரிக்காமல் திரும்பி வந்த மனிதர்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ரஞ்சனி பைக் பந்தயத்தில் ஓட்டப்போகிறாள் என்று போன வருஷம் கேள்விப்பட்டதும் வீதியே வாயைப் பிளந்தது.

"நீங்களா சார் சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆசைப்படறா. ஹெல்மெட் இருக்கு, முழங்காலுக்குக் கவசம் இருக்கு. விழலாம்னு தெரிஞ்சுதான் ஏறறா. எனக்குக் கவலை அவளைப் பத்தி இல்லீங்க. வேடிக்கை பார்க்க வர்ற உங்களைப் பத்திதான்."

பாதி பொய். சொல்லும்போதே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

திருச்சிக்கு வெளியே ஒரு பொட்டலில் மண் பாதை போட்டிருந்தார்கள். பாதை சட்டென்று திரும்பும் வளைவில்தான் கூட்டம் மொய்த்தது, நான் உட்பட. அங்கேதானே வீடியோ நன்றாக வரும்! கயிறு கட்டியிருந்தார்கள். நம்மவர்களுக்குக் கயிறு என்றால் குனிந்து நுழைவதற்குத்தானே?

பத்தடியார் ஓடி வந்தார். "வண்டி வழுக்கினா நேரா இங்கதாங்க வரும்! தள்ளிப் போங்க!"

"டிக்கெட் வாங்கியிருக்கோம் சார்" என்றார் பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்த ஒருவர். "அடிபட்டா எங்க தலையெழுத்து. உங்களுக்கென்ன?"

"நீங்க அடிபட்டுட்டுப் போயிடுவீங்க. இடிச்ச எம் பொண்ணு அப்புறம் காலம் பூரா தூங்குவாளா?"

யாரும் அசையவில்லை. கும்பிட்டார், கெஞ்சினார், அங்குமிங்கும் பறந்தார். பிறகு ஆளையே காணோம். திரும்பி வந்தபோது கையில், முடிவுக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடி பக்கெட். எங்கள் கால்களுக்கு முன்னால் குனிந்து கோலம் போட ஆரம்பித்துவிட்டார்!

கயிற்றை மதிக்காத கால்கள் கோலத்தைக் கண்டதும் தாமாகப் பின்வாங்கின. "ஏய், கோலம்டா, மிதிக்காத!" என்று பொரிகடலைக்காரரே பக்கத்து ஆளை இழுத்தார். கோலமோ கண்றாவி. ஒரு மாமிக்குப் பொறுக்கவில்லை.

"நகருங்கோ, புள்ளியே சரியா இல்லை" என்று பக்கெட்டைப் பிடுங்கி, வளைவு முழுக்கக் கோலத்தை இழுத்துத் தள்ளினார். கோலம் வளர வளர நாங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தோம்.

பந்தயம் தொடங்கியது. பத்தடியார் கோலத்துக்கு இந்தப் பக்கம், பாதைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி கைகளை விரித்து நின்றார். பெற்ற மகள் ஓட்டுவதை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதிப் பந்தயத்தில் ரஞ்சனியின் வண்டி வழுக்கியது. சற்றுமுன் நான் போனும் கையுமாக நின்ற இடத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து, கோலத்தின் நடுவில் புழுதியோடு நின்றது.

கூட்டம் முன்னால் பாய்ந்தது. அதை மார்பால் தடுத்தபடியே பத்தடியார் என் சட்டையைப் பிடித்தார். "எழுந்துட்டாளா? சொல்லுங்க, எழுந்துட்டாளா?"

"எழுந்துட்டா சார். வண்டியைத் தூக்கறா... ஏறிட்டா... போயிட்டா சார்!"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையை மட்டும் இறக்கவில்லை. "நல்லா ஓட்டறாளா?" என்றார்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மீதிப் பந்தயம் முழுவதையும் அந்த மனிதருக்காக நான்தான் பார்த்துச் சொன்னேன். ரஞ்சனி கடைசியாகத்தான் வந்தாள். கோப்பை வாங்கியவளைப் பற்றிக்கூட யாரும் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.